அப்பாவின் ஸ்டூடியோ நெகட்டிவ்கள்: பிளாட்பெட் ஸ்கேனர் போதுமா, எவ்வளவு பெரிய பிரிண்ட் வரும்?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பரமக்குடி பக்கம் அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடியாகிவிட்டது. கேமரா, லைட் எல்லாம் போன விலைக்குப் போய்விட்டன, நெகட்டிவ் பெட்டிகள் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை 120 ரோல், யாஷிகாவில் எடுத்த சதுரப் படங்கள், கருப்பு வெள்ளை. அதற்கும் முந்தைய காலத்துக் கட் பிலிம் (ரோலாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) கொஞ்சம் இருக்கிறது, உள்ளங்கை அகலம் வரும். அப்புறம் 80களின் கடைசியிலிருந்து 35 எம்எம் கலர் ரோல்கள், கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு என்று. எல்லாம் பட்டர் பேப்பர் கவரில், மேலே பில் நம்பர் பென்சிலில் எழுதியிருக்கிறது.

எப்சன் வி600 பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. விற்கிறவர் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), சுவர் அளவுக்கே பிரிண்ட் போடலாம் என்கிறார். எனக்கு அவ்வளவு வேண்டாம், நல்ல படங்களை 12க்கு 18 அங்குலம் போட்டால் போதும், மீதி பத்திரமாகக் கம்ப்யூட்டரில் இருந்தால் சரி. என்னிடம் கேமரா கிடையாது, போன்தான். வாங்கலாமா?

டார்க்ரூம்_தாத்தா

அம்மா, 6400 என்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சென்சார் எத்தனை புள்ளி படிக்கிறது என்ற கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்பது வேறு கணக்கு. நெருக்கமாகக் கோடு போட்ட சோதனைத் தகடு ஒன்று இருக்கிறது, யுஎஸ்ஏஎஃப் 1951 என்பார்கள், அதை வைத்து அளந்தவர்களுக்கு வி600இல் உண்மையாகக் கிடைத்தது 1500, 1600 டிபிஐ பக்கம்தான். வி850 வாங்கினாலும் 2300ஐ ஒட்டித்தான் நிற்கும். 6400இல் ஸ்கேன் செய்தால் பைல்தான் பெரிதாகும். சதுர நெகட்டிவ் ஒன்றை 48 பிட் கலரில் அப்படி எடுத்துப் பாருங்கள், ஒரே படம் 1 ஜிபியைத் தாண்டும், உள்ளே புதிதாக ஒரு மயிரிழைகூட இருக்காது.

இப்போது பிரிண்ட் கணக்கு. 35 எம்எம் படம் 24க்கு 36 மில்லிமீட்டர். 1600 டிபிஐ என்றால் ஏறக்குறைய 1500க்கு 2270 புள்ளி. லேப் கேட்கும் 300க்கு வகுத்தால் 5க்கு 7 சுத்தமாக வரும். 8க்கு 12 போட்டால் அங்குலத்துக்கு 189, கையில் பிடித்துப் பார்த்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 12க்கு 18 போட்டால் 126தான், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கலாம், கிட்டே போனால் முகம் மெழுகு மாதிரித் தெரியும். 120 ரோல் சதுரம் 56 மில்லிமீட்டர். அதே ஸ்கேனரில் 3500 புள்ளி, 12 அங்குலத்துக்கு 294. புரிகிறதா, அதே மெஷின், அதே லென்ஸ், பிலிம் பெரிதானதால் 12க்கு 12 பிரிண்ட் என்லார்ஜரில் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கி விழவைக்கும் டார்க்ரூம் கருவி) போட்டதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதனால் உங்கள் பெட்டியில் 120தான் அதிகம் என்றால் தாராளமாக வாங்குங்கள். வெறும் 35 எம்எம் வைத்திருக்கிறவர் இதே கேள்வி கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஒரு வில்லங்கம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வி600இன் மூடியில் இருக்கும் விளக்கு 68 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் வெளிச்சம் தரும். உங்கள் கட் பிலிம் குவார்ட்டர் பிளேட்டாக இருந்தால் அகலமே 83 மில்லிமீட்டர். இரண்டு தடவை ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும். அதற்கு வி700, வி750, வி800, வி850 இந்த வரிசைதான் சரி, 8க்கு 10 பிலிம் வரைக்கும் விளக்கு இருக்கிறது. பழைய வி700 கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மேக்ரோ_105

தாத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது, பிளாட்பெட் காலம் முடிந்துவிட்டது. 24 மெகாபிக்சல் கேமரா, ஒரு மேக்ரோ லென்ஸ், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் இருக்கும் எல்இடி பேனல், காப்பி ஸ்டாண்ட். 35 எம்எம் படத்தை பிரேம் நிறைய எடுத்தால் 4200 டிபிஐக்குச் சமம், நல்ல லென்ஸ் என்றால் அதில் பெரும்பகுதி உண்மையான விவரம். ஒரு படத்துக்குச் சில விநாடி. வி600இல் ஒரு வரிசை ஸ்கேன் ஆகி முடிவதற்குள் நான் ரோலையே முடித்துவிடுவேன். எதற்கு 2009இல் வந்த மெஷினுக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

டார்க்ரூம்_தாத்தா

தம்பி, கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. அந்த அம்மா போன்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். பாடி, லென்ஸ், ஸ்டாண்ட், பேனல், பிலிம் ஹோல்டர் எல்லாம் கூட்டிப் பாருங்கள், அந்தக் காசில் இரண்டு வி600 வரும். அப்புறம் சென்சாரும் பிலிமும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மூலை ஷார்ப், எதிர் மூலை மங்கல். கண்ணாடியை வைத்து நிமிர்த்தலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவை ஸ்டாண்டைத் தொட்டதும் மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று, கலர் நெகட்டிவில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடிக்கும் டிஜிட்டல் ஐஸ் உங்கள் கேமராவில் கிடையாது. கல்யாண ரோல்களில் உட்கார்ந்து ஒவ்வொரு தூசியாக ஒற்றி எடுத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

மேக்ரோ_105

ஐஸ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிசு பெரிசாக 35 எம்எம் பிரிண்ட் போடப் போகிறவர் கேமரா இருக்கும் நண்பர் ஒருவரைப் பிடிப்பது நல்லது, அவ்வளவுதான். அல்லது பிளஸ்டெக் மாதிரி 35 எம்எம்முக்கு என்றே இருக்கும் ஸ்கேனர், 3000 டிபிஐக்கு மேல் உண்மையாகவே கொடுக்கும், ஆனால் பிரேம் பிரேமாகக் கையால் நகர்த்த வேண்டும். சகோதரி, உங்கள் கலர் ரோல்களில் பெரிதாகப் போடத் தகுந்தது எத்தனை என்று முதலில் பார்த்துவிடுங்கள். போனில் ஆக்சஸிபிலிட்டி செட்டிங்கில் நிறத்தைத் திருப்பும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிட்டு, வெள்ளை வெளிச்சத்தின் மேல் நெகட்டிவை வைத்து கேமரா ஆப் வழியாகப் பாருங்கள், நேராகப் பாசிட்டிவாகத் தெரியும். ஆரஞ்சு திரும்பி நீலமாக இருக்கும், இருந்தால் என்ன, யார் கண் மூடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

வைகைக்கரை

போன் வித்தை அருமை, நேற்று ராத்திரி அம்மாவும் நானும் தூங்கவே இல்லை.

ஸ்கேனரை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள் என்று சொன்னார், கொண்டுவந்துவிட்டேன். இரண்டு சிக்கல். ஒன்று, படம் பொதுவாக மங்கலாக இருக்கிறது, முக்கியமாக நடுவில், பிலிம் வளைந்து பாலம் மாதிரி நிற்கிறது. இரண்டாவது, கருப்பு வெள்ளைப் படங்களில் பெண்கள் முகத்தில் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், பொடிப் பொடியாக வெள்ளைக் கிறுக்கல். ஐஸ் போட்டேன், முகம் இன்னும் கோரமாகிவிட்டது. ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) வைத்துத் துடைத்தால் போகுமா? தூசி துடைக்கிற துணியில் போகவில்லை.

டார்க்ரூம்_தாத்தா

துடைக்காதீர்கள்! அது அழுக்கு இல்லை, டச்சிங்.

அந்தக் காலத்தில் நெகட்டிவைக் கழுவிக் காய வைத்ததும் நேராகப் பிரிண்டுக்குப் போகாது. டச்சிங் மேஜையில் கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, எமல்ஷன் பக்கம் (படம் பதிந்திருக்கும், பளபளப்பில்லாத பக்கம்) பென்சில் பிடிக்க ஒரு வார்னிஷைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் சின்னச் சின்னக் கமா, சுழி என்று போட்டுக்கொண்டே வருவோம். கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு, மூக்கோரக் கோடு, இதெல்லாம் நெகட்டிவில் பக்கத்துத் தோலைவிடத் தெளிவாக, அடர்த்தி குறைந்து இருக்கும். அங்கே பென்சில் ஈயம் ஏறியதும் அடர்த்தி சமமாகிவிடும், பிரிண்டில் அந்த இடம் பக்கத்துத் தோலோடு கலந்துவிடும். பரவலான வெளிச்சமுள்ள என்லார்ஜரில், கொஞ்சம் மிருதுவான லென்ஸில், ஆஃப் சைஸுக்கு மேல் போகாத பிரிண்டில் ஒரு கோடும் தெரியாது. ஸ்கேனர் அதையே ஷார்ப் செய்து பெரிதாக்கிக் காட்டினால் கிறுக்கலாகத்தான் தெரியும். சில நெகட்டிவில் முகத்துக்குச் சிவப்புச் சாயமும் தடவியிருக்கலாம், அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான், அந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வருவதற்கு. ஆல்கஹால் போட்டால் வார்னிஷோடு எல்லாம் கரைந்து போகும், உங்கள் அப்பாவின் கை வேலை அதோடு சரி.

என்ன செய்யலாம்? ஸ்கேன் சாஃப்ட்வேரில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், பாதிக் கிறுக்கல் அப்போதே அடங்கிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் முகத்துக்கு மட்டும் லேசாக மங்கல் கொடுத்தால் போதும். ஸ்கேன் ஒரிஜினலில் டச்சிங் அப்படியே இருக்கட்டும்.

ஐஸ் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது அகச்சிவப்பு வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுக்கும். கலர் பிலிமில் இருக்கும் சாயம் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும், தூசியும் கீறலும் மறிக்கும், அதனால் மறித்த இடமெல்லாம் குறை என்று அதற்குத் தெரிந்துவிடும். கருப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், ஆகவே மொத்தப் படமும் அதற்குக் குப்பையாகத்தான் தெரியும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி கலர் கெமிக்கலில் கழுவும் கருப்பு வெள்ளை மட்டும் விதிவிலக்கு. மற்றதுக்கெல்லாம் ஐஸை அணைத்துவிட்டு, ஊதுபந்தும் மெல்லிய தூரிகையும்தான்.

ஆரஞ்சு_மாஸ்க்

மங்கல் பற்றி நான் சொல்கிறேன். வி600இல் போகஸ் தானாக நகராது, லென்ஸ் கண்ணாடிக்கு மேலே ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஹோல்டர் அந்த உயரத்தில் இருக்கும் என்று நம்பித்தான் செய்கிறார்கள், ஆனால் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். வி700, வி850 ஹோல்டர்களில் கால்களை ஏற்றி இறக்கலாம், வி600இல் அது இல்லை. விசிட்டிங் கார்டு துண்டுகளை வெட்டி ஹோல்டரின் நான்கு மூலைக்கும் அடியில் ஒட்டுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி ஒவ்வொரு உயரத்திலும் ஒரே நெகட்டிவை 2400இல் ஸ்கேன் செய்து, பிலிமின் தானியம் எதில் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் ஏமாற்றும். நல்ல உயரம் கிடைத்ததும் அந்த அட்டையை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். சிலருக்கு அட்டையே வேண்டியிருக்காது.

வளைவுதான் பெரிய வில்லன். 120 பிலிமை உறைக்குள் வைத்துத் தலைகாணிப் புத்தகம் நாலைந்து மேலே அடுக்கிச் சில நாள் விடுங்கள், இஸ்திரி பெட்டி கிஸ்திரி பெட்டி என்று யோசிக்க வேண்டாம். அப்படியும் படியாவிட்டால் ஏஎன்ஆர் கண்ணாடி, ஒரு பக்கம் மிக மெல்லிய சொரசொரப்பு இருக்கும், அந்தப் பக்கம் பிலிமின் பளபளப்பான பக்கத்தைத் தொட வேண்டும். சாதாரணக் கண்ணாடி வைத்தால் எண்ணெய் மிதக்கிற மாதிரி வளையம் வளையமாகப் படத்தில் விழும், நியூட்டன் வளையம், அதை போட்டோஷாப்பில் எடுப்பது நரகம்.

இன்னொன்று, ஹோல்டர் ஓரத்தில் காலியாக ஒரு இடைவெளி விட்டிருக்கும், அங்கேதான் ஸ்கேனர் தன் வெளிச்சத்தை அளந்துகொள்கிறது. அதை பிலிமோ டேப்போ மறைக்கக் கூடாது, அங்கே ஒரு தூசி இருந்தாலும் படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேர்க்கோடு விழும். ஸ்கேனர் கெட்டுப்போச்சு என்று விற்கிற பல மெஷின்களின் கதை இதுதான்.

டொரண்டோ_வடலி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமா கொண்டுவந்த நெகட்டிவ்களை நான் இங்கே வி550இல் செய்துகொண்டு இருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம்.

இங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளே காற்று காய்ந்து கிடக்கும், பிலிமைத் தொட்டாலே நிலைமின்சாரம், தூசி எல்லாம் ஓடிவந்து ஒட்டும், ஊத ஊத இன்னும் ஒட்டும். ஹியூமிடிஃபையர் போட்ட அறையில் செய்தால் பாதி வேலை குறையும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது, உங்கட பக்கம் பூஞ்சைதான் எதிரி.

மற்றது மணம். பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணந்தால் அது அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்தில் இருக்கிற நல்ல பிலிமையும் கெடுக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து வேறு பெட்டியில் வையுங்கோ, ஸ்கேன் வரிசையில் முதல் இடம் அவைக்குத்தான். பிலிம் சுருங்கி அலை அலையாக வந்த பிறகு எந்தக் கண்ணாடி வைத்தும் படியாது. மாமாவின் ஒரு பெட்டி அப்படித்தான் போனது, முகங்கள் இருக்கிறது, ஆனால் எமல்ஷன் கழன்று கொப்புளம் போட்டிருக்கிறது.

வைகைக்கரை

வடலி, நன்றி. முகர்ந்து பார்த்தேன், கட் பிலிம் பெட்டி ஒன்றில் புளிப்பு வாசனை வருகிறது, பிரித்துவிட்டேன். ஓரத்தில் சேஃப்டி என்று எழுதியிருக்கிறது. வேறு சிலதில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. தண்ணீரில் அலசலாமா தாத்தா?

டார்க்ரூம்_தாத்தா

சேஃப்டி என்று இருந்தால் தீப்பிடிக்கிற நைட்ரேட் இல்லை, அந்தக் கவலை விட்டது.

பூஞ்சைக்குத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பூஞ்சை தின்பது ஜெலட்டினை, தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும், அலசினால் படமே ஒழுகிப் போகும். பளபளப்பான பக்கத்தை மட்டும் 98 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு லேசாகத் துடைக்கலாம், அங்கே டச்சிங் இல்லை என்று சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான். எமல்ஷன் பக்கம் காய்ந்த தூரிகை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், ஒட்டியபடியே ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

கருப்பு வெள்ளைக்கு என் செட்டிங் இதுதான்: புரொபஷனல் மோட், 2400 டிபிஐ, 16 பிட் கிரே, ஷார்ப்பனிங் கிடையாது, ஐஸ் கிடையாது, பைல் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வகை). சதுரப் படம் ஒன்றுக்கு 56 எம்பி வரும். ஹிஸ்டோகிராமைத் (வெளிச்ச அளவுகளை மலை மாதிரிக் காட்டும் வரைபடம்) திறந்து இரண்டு முனையும் மலைக்கு வெளியே இருக்கும்படி இழுத்துவிடுங்கள். சாஃப்ட்வேர் தானாக வைக்கும் அளவில் வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். திரையில் சப்பென்று சாம்பல் பூத்துத் தெரியும், தெரியட்டும், காண்ட்ராஸ்ட் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பொறுமை இருந்தால் கலரில் ஸ்கேன் செய்து பச்சை சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும்விடத் தெளிவாக இருப்பதைப் பல ஸ்கேனரில் பார்த்திருக்கிறேன்.

ஆரஞ்சு_மாஸ்க்

கலர் ரோல்களுக்கு என் முறை. ஸ்கேன் சாஃப்ட்வேரிடம் இது நெகட்டிவ் என்று சொல்லாதீர்கள், பாசிட்டிவ் என்று சொல்லி 48 பிட்டில் அப்படியே ஆரஞ்சு நிறத்தோடு எடுத்துவிடுங்கள். திருப்புகிற வேலையை நாமே செய்யலாம்.

அந்த ஆரஞ்சு அழுக்கோ பழசானதோ இல்லை. கலர் நெகட்டிவில் உருவாகும் சாயங்கள் சுத்தமானவை அல்ல, மெஜந்தா சாயம் பச்சையோடு நீலத்தையும் கொஞ்சம் விழுங்கும், சயான் சாயமும் அப்படியே தன் எல்லை தாண்டும். அந்தத் தவறு படம் முழுக்கச் சமமாக இருக்கும்படி பிலிமிலேயே நிறமுள்ள ரசாயனங்களைச் சேர்த்து ஈடு கட்டியிருக்கிறார்கள், அதன் விளைவுதான் ஆரஞ்சு. சமமாக இருப்பதால் ஒரே வகுத்தலில் நீக்கிவிடலாம். அதற்குத்தான் ஸ்கேன் செய்யும்போது இரண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கும் வெற்றுப் பட்டையையும் சேர்த்து எடுக்க வேண்டும், அந்தப் பட்டையின் நிறம்தான் அளவுகோல். டார்க்டேபிள் இலவசம், அதில் நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது, பட்டையைக் காட்டினால் ஆரஞ்சை எடுத்துவிடும், அப்புறம் நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என நிறத்தைச் சரிசெய்யலாம். காசு கொடுத்தால் லைட்ரூமுக்கு நெகட்டிவ் லேப் புரோ. வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் இரண்டும் ஸ்கேனிலேயே திருப்பித் தரும், ரோல் முழுக்க ஒரே செட்டிங்கைப் பூட்டிவைத்துவிட்டால் மோசமில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் டியூப் லைட், வீடியோக்காரர் விளக்கு, பிளாஷ் மூன்றும் கலந்திருக்கும், எந்தத் தானியங்கியும் அங்கே குழம்பும்.

பழைய கலரில் ஒரு தலைவலி, சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நிழல் பக்கம் பச்சை, வெளிச்சப் பக்கம் சிவப்பு என்று இரண்டு முனையும் எதிரெதிராக இழுக்கும். ஒரே ஸ்லைடரில் தீராது, சேனல் சேனலாக வளைவு போட வேண்டும். ரொம்ப மங்கியதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே கௌரவமாக இருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம் டிமேக்ஸ் (ஸ்கேனர் படிக்கக்கூடிய அதிகபட்ச அடர்த்தி) 3.4, 4.0 என்று விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது ஸ்லைடு பிலிமுக்குத்தான் தேவை. நெகட்டிவ் அவ்வளவு அடர்த்தியாகவே போகாது.

லேப்_கவுண்டர்

நான் லேபில் வேலை பார்க்கிறேன், எந்த ஊர் எந்த லேப் என்று கேட்காதீர்கள். ஸ்கேனை எவ்வளவு அழகாகச் செய்தாலும் கடைசியில் எங்கள் மெஷின் கெடுத்துவிடும், அதற்கு வழி சொல்கிறேன்.

மினிலேப் மெஷின் ஒவ்வொரு பைலையும் தானாகத் திருத்தும், வெளிச்சம் கூட்டும், ஷார்ப் செய்யும். தினமும் போனிலிருந்து வரும் படங்களுக்கு அது உதவிதான், உங்களுக்கு வேண்டாம். பெயரிலேயே நோ கரெக்‌ஷன் என்று போல்டருக்குப் பெயர் வையுங்கள், கவுண்டரில் வாய்விட்டும் சொல்லுங்கள், ஆபரேட்டரிடமே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஜேபெக், 8 பிட், எஸ்ஆர்ஜிபி. டிஃப் கொண்டுவந்தால் சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடோபி ஆர்ஜிபியில் கொண்டுவந்தால் தோல் நிறம் செத்துப்போய் வரும். பிரிண்ட் அளவுக்கு நீங்களே 300க்கு மாற்றி, கடைசியில் அந்த அளவுக்கு ஏற்ற ஷார்ப்பனிங் கொடுங்கள்.

கருப்பு வெள்ளையை நாங்கள் கலர் பேப்பரில்தான் போடுகிறோம், கெமிக்கல் கொஞ்சம் சரிந்திருந்தாலும் லேசாகப் பச்சையோ மெஜந்தாவோ அடிக்கும். காலையில் மெஷினைக் கேலிபிரேட் செய்த உடனே போடச் சொல்லுங்கள். அல்லது நீங்களே கொஞ்சம் செபியா கலந்து கொடுத்துவிடுங்கள், சரிவு கண்ணுக்குத் தெரியாது. பழைய படத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும், ஏமாற்று வேலைதான், ஆனால் வேலை செய்யும். உண்மையான நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் சாம்பல் மைகள் தனியாக உள்ள இங்க்ஜெட்டில் காட்டன் பேப்பரில் போட வேண்டும், விலை பல மடங்கு.

சதுரப் படத்தை 12க்கு 18இல் நிரப்பச் சொல்லாதீர்கள், மேலே கீழே அல்லது இடது வலது மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். 12க்கு 12 படத்தை 12க்கு 18 கேன்வாஸில் வெள்ளை ஓரத்தோடு வைத்துக் கொடுங்கள், காலி இடத்தில் முகத்தை மட்டும் வெட்டிய டெஸ்ட் துண்டுகள் இரண்டை வேறு வேறு வெளிச்சத்தில் வைத்தால் அடுத்த பிரிண்டுக்கு எது சரி என்று அதே காசில் தெரிந்துவிடும். மேட் வேண்டாம், கருப்பு ஆழம் போய்விடும், சில்க் அல்லது கிளாஸி.

டார்க்ரூம்_தாத்தா

லேப் தம்பி சொன்ன டெஸ்ட் துண்டு, நாங்கள் இந்து புரோமைடு பேப்பரில் செய்ததேதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த பேப்பர், நல்ல பேப்பர், எங்கள் கையில் வரும்போது பெட்டிக்குப் பெட்டி கிரேடு கொஞ்சம் மாறும், துண்டு போட்டுப் பார்க்காமல் முழுத் தாளைத் தொட்டால் முதலாளி கத்துவார்.

மேக்ரோ_105

சகோதரி, ஒரு யோசனை. பில் நம்பர் எழுதிய கவரை வீசிவிடாதீர்கள், கவரையும் சேர்த்து ஸ்கேன் செய்து, பைல் பெயரை அந்த நம்பரிலேயே ஆரம்பியுங்கள். ரசீதுப் புத்தகம் ஏதாவது இருந்தால் அதுவும். பெயரும் தேதியும் இல்லாத ஆயிரம் முகம் யாருக்கும் பயன்படாது. எல்லாவற்றையும் 2400இல் எடுக்கவும் வேண்டாம், போனில் பார்த்து நல்லதைப் பொறுக்கியபின் ஸ்கேனருக்குப் போங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டல் செய்திருக்கிறது, பிரிட்டிஷ் நூலகத் தளத்தில் பார்க்கலாம். பின்னணித் திரையும் நாற்காலியும் வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம் போல இருக்கும்.

வைகைக்கரை

பொறுக்குவதுதான் கஷ்டம், அம்மா எதையும் ஒதுக்க விடமாட்டேன் என்கிறார். ஸ்கேனருக்குக் காசு கொடுத்துவிட்டேன். அட்டை ஒன்று வைத்ததும் தானியம் தெரிய ஆரம்பித்துவிட்டது, ஷார்ப்பனிங்கை அணைத்ததும் கிறுக்கலும் அடங்கிவிட்டது.

படங்களை ஊர்ப் பெயரோடு பேஸ்புக்கில் போட்டால் குடும்பங்கள் கண்டுபிடித்துக் கேட்பார்கள் என்று தம்பி சொல்கிறான். போடலாமா?

லேப்_கவுண்டர்

யோசித்துப் போடுங்கள் அக்கா. காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர், 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நெகட்டிவ் உங்கள் வீட்டில் இருந்தாலும் சரி. சட்டத்தை விடுங்கள், சடங்குப் படத்தையெல்லாம் பொதுவில் போட்டால் அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும், அவர் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பில் நம்பர், வருஷம் மட்டும் போட்டு, பழைய ரசீது வைத்திருக்கிறவர்கள் கேளுங்கள் என்று எழுதுங்கள். கடைத்தெரு, திருவிழா மாதிரிப் பொதுப் படங்கள் போடலாம்.

டொரண்டோ_வடலி

தாத்தா அண்ணை, ஒரு சின்னக் கேள்வி. மாமாவின் பெட்டிக்கு அடியில் கண்ணாடி பிளேட் நாலு கிடக்கிறது. வி700 ஒன்று நண்பரிடம் இருக்கு. நேராகக் கண்ணாடி மேலே வைக்கலாமா?

டார்க்ரூம்_தாத்தா

வைக்கலாம். வி700இல் ஹோல்டர் இல்லாமல் 8க்கு 10 ஏரியா என்று தேர்ந்தெடுத்தால் கண்ணாடி மட்டத்தைப் பார்க்கும் லென்ஸுக்கு அதுவே மாறிக்கொள்ளும், அதனால் உயரம் அதிகம் ஏற்ற வேண்டாம். நான்கு மூலைக்கும் மெல்லிய காகிதத் துண்டு வைத்து பிளேட் ஸ்கேனர் கண்ணாடியை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எமல்ஷன் மேலே இருக்கட்டும், இடம் வலம் மாறி வந்தால் கம்ப்யூட்டரில் திருப்பலாம். மூடியை அழுத்த வேண்டாம், அதன் எடையை பிளேட் தாங்காது என்று தோன்றினால் ஓரங்களில் பிளேட்டைவிடக் கொஞ்சம் தடிமனான அட்டை வைத்து அதன் மேல் மூடி உட்காரும்படி செய்யுங்கள். ஓரம் விரிசல் விட்ட பிளேட் இருந்தால் அதை மட்டும் மேக்ரோ தம்பி மாதிரி யாரிடமாவது கொடுத்து மேலிருந்து கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள்.